தாட்பத்ரிக்குக் கீழே எழும்பிய சுவர்

நம் குரூப்பில் போன வாரம் ஒரு பழைய போட்டோ வந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நம் கல்லி, அந்தக் குறுகலான சந்து. மழைக்காலம். எல்லாக் கூரை மேலும் தாட்பத்ரி, ஊரில் தார்ப்பாய் என்பார்களே, அது. போட்டோவைப் போட்டவருக்கு நன்றி. என் வீட்டு வாசல் தெரிகிற படம் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாலாவது வீட்ல மாடி கட்டினாங்க, பக்கத்துப் பட்டறை பாய்தான் முனிசிபாலிட்டில போட்டுக் கொடுத்துட்டாரு" என்று ஒருவர் எழுதினார். "பாய் அப்படித்தான்" என்று இன்னொருவர். அதற்குப் பதினொரு கட்டைவிரல்கள். எண்ணிப் பார்த்தேன்.

அந்த நாலாவது வீடு எங்களுடையது. பாய் போட்டுக் கொடுக்கவில்லை.

முதலில் வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பேசிப் பார்த்தேன். மூன்றையும் அழித்தேன். எழுதுவதுதான் சரி என்று பட்டது. தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே நவி மும்பை சான்பாடாவில் என் வீடு கடைசி மாடி. மொட்டைமாடி ஒழுகுகிறதென்று சொசைட்டிக்காரர்கள் நீல ஷீட்டை விரித்து ஓரமெல்லாம் செங்கல் வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும்போது தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொள்கிறது. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது இந்த நீல ஷீட்டெல்லாம் ஏது? எங்கள் வீட்டில் இருந்தது லாரித் தாட்பத்ரி. அப்பா லோடிங் வேலை பார்த்த டிரான்ஸ்போர்ட் கோடவுனில், கிழிந்துபோனது என்று கழித்துக் கட்டியதைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார். முரட்டுத் துணி, பாசிப் பச்சை, ஒரு மூலையில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ லாரியின் நம்பர். நனைந்துவிட்டால் இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். மெழுகும் டீசலும் ஈரமான நாயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கோடையில் அதன் மேல் மிளகாய் வற்றல் காயும். கல்லியில் கல்யாணம் என்றால் அதுதான் பந்தல், அதுவே பந்திப்பாய். யாராவது இறந்துவிட்டால் வாசலில் நிழலுக்குக் கட்ட அதைத்தான் கேட்டு வருவார்கள். கட்டில் மேல் போட்டு அதற்குள் நாம் எல்லோரும் புகுந்து, மூச்சு முட்டுகிற வரை உட்கார்ந்திருக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. யார் முதலில் வெளியே வருகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். நான் எப்போதும் தோற்பேன்.

மே மாதக் கடைசியில் அது கூரைக்கு ஏறும். அக்டோபரில் இறங்கும். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அது மூன்று முழம் உயரமாக ஏறியது. காரணம் சித்தப்பாவின் கல்யாணம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் அப்பா, அம்மா, நான், பிறந்து நாலு மாதமான தம்பி, அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பா மழையில்லாத நாளில் வாசலில் படுப்பார், மழை நாளில் கோடவுனுக்குப் போய்விடுவார். தீபாவளி கழிந்து கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: தனியாக ஒரு அறை. அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மேலே ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. மேலே ஏற்றினால் முனிசிபாலிட்டிக்காரன் வந்து இடிப்பான்.

அதனால்தான் மழைக்காலம். உயரமாக மூங்கில் நட்டு, தாட்பத்ரியை நாலு பக்கமும் தொங்கவிட்டுக் கட்டிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. மழைச் சத்தத்தில் கொத்தனார் கரண்டிச் சத்தம் கேட்காது. யாராவது கேட்டால் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டும். மழை விட்டுத் தாட்பத்ரியை இறக்கும்போது மாடி பழைய மாடியாகியிருக்கும். அப்பா போட்ட கணக்கு அது. கல்லியில் பாதி மாடிகள் அப்படி எழும்பியவைதான், உங்களுக்கே தெரியும்.

செங்கல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். மெயின் ரோட்டில் மரக்கடைக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் பையில் இரண்டு கல் போட்டுக்கொண்டு வருவேன். உங்களில் சிலரும் சுமந்தீர்கள். சித்தப்பா ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். பாயின் மகளும் சுமந்தாள். அவள் என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒல்லியாக இருப்பாள், ஆனால் மூன்று கல் சுமப்பாள்.

பாய் எங்கள் வீட்டை ஒட்டித் தோல் பை பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம்தான் அவருக்கும். அப்பாவை அண்ணாச்சி என்பார், அம்மாவைத் தங்கச்சி என்பார். வாய் ரொம்ப மோசம். பைக்குக் கைப்பிடி கோணலாக வந்துவிட்டால் அவர் தன் ஆட்களை ஏசுவது கல்லி முனை வரை கேட்கும். ஜூன் மாதத்தில் ஒரு நாள் எங்கள் மேல்சுவரிலிருந்து சிமெண்டுத் தண்ணீர் வழிந்து, அவர் அடுக்கி வைத்திருந்த தோலில் இறங்கிவிட்டது. வாசலில் வந்து நின்று கத்தினார்.

"என்ன அண்ணாச்சி, நீரு மாடி கட்ட எம் பொழப்பு நனையணுமா? வார்டு ஆபீஸ்ல போய்ச் சொல்லட்டா?"

அப்பா கெஞ்சிச் சமாதானம் செய்தார். பாயும் அன்று சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். ஆனால் அவர் கத்தியதைக் கல்லியே கேட்டது. கடைசி வரை எல்லோருக்கும் நினைவிருந்தது அந்தக் கத்தல்தான். டீயை யாரும் பார்க்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன்.

சாக்கடை ஓடும் கட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. முதலில் முடி மாதிரி. மேலே ஒவ்வொரு வரிசைக் கல்லாக ஏற ஏற, அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பஸ் டிக்கெட்டை மடித்து விரிசலுக்குள் செருகினாள். நின்றது. நாலு நாள் கழித்து டிக்கெட் கீழே விழுந்து கிடந்தது. மறுபடி இரண்டாக மடித்துச் செருகினாள். அதுவும் விழுந்தது. ஜூலையில் என் பென்சில் உள்ளே போயிற்று. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவினால் தெரியும். அந்தச் சுவரோரமாகத்தான் தம்பியின் தொட்டில்.

அப்பாவிடம் சொன்னாள். "இந்தாருங்க, சுவரு தள்ளுது."

"மழைக்கு ஊறியிருக்கு. வெயில் அடிச்சா சரியாயிரும்."

கொத்தனாரிடம் கேட்டாள். அவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதுக்கு மேல இன்னும் ஒரு மாடி ஏத்தலாம்க்கா" என்று சிரித்தார். அம்மா தொட்டிலை எதிர்ப் பக்கம் மாற்றிக் கட்டினாள். அங்கே ஒழுகுகிறது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அப்பா மறுபடி பழைய இடத்திலேயே கட்டினார். இரண்டு பேரும் மாறி மாறி அவிழ்ப்பதும் கட்டுவதுமாக ஒரு வாரம் போயிற்று.

கடைசியில் சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பாவுக்கு அம்மா மேல் மரியாதை உண்டு. அவர் சொன்னால் அப்பா கேட்பார். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மதினி, இன்னொருத்தி வீட்டுக்குள்ள வாரது உங்களுக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிருங்க. சுவரு மேல பழியப் போடாதீக."

அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் சுவரைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இனி எத்தனை தடவை சொன்னாலும் கொழுந்தன் கல்யாணத்தைக் கெடுக்கிறவள் என்றுதான் ஆகும்.

இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, உனக்கு மராட்டியில லெட்டர் எழுத வருமா?"

எனக்கு லீவ் லெட்டர் எழுதத் தெரியும். அதே மாதிரி மேலே மரியாதையாக ஆரம்பித்து எழுதினேன். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாட்பத்ரிக்கு மராட்டியிலும் தாட்பத்ரிதான், அது சுலபமாக இருந்தது. சுவருக்கு வார்த்தை தெரியவில்லை, இந்தியில் போட்டேன். இந்த இடத்தில், நாலாம் நம்பர் வீட்டில், தாட்பத்ரிக்குக் கீழே சுவர் கட்டுகிறார்கள். கீழ்ச் சுவர் விழப் போகிறது. சீக்கிரம் வாருங்கள். கடைசியாக நானே ஒரு வரி சேர்த்தேன்: வீட்டில் சின்னப் பாப்பா இருக்கிறது.

வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்.

"கடேசி வரி வேண்டாம். எந்த வீட்டுல இருந்து வந்துச்சின்னு தெரிஞ்சிரும். அடிச்சிரு."

ஒரு கோடு போட்டு அடித்தேன். வேறு தாள் எடுத்து எழுதியிருக்கலாம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தம்பிக்கு ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வார்டு ஆபீஸ் ஜன்னலில் தாளை நீட்டினாள். உள்ளே இருந்தவர் பெயர் கேட்டார். அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். நான் ஓடினேன். தம்பி அழுதான். திரும்பி வரும்போது, "அப்பாட்ட மூச்சு விடப்படாது" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பத்து வயது. நாங்கள் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் கல்லி முனையில் யாராவது புது ஆள் வருகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தார்கள். காலை பத்து மணி இருக்கும், லேசான தூறல். கடப்பாரை, சம்மட்டியோடு ஆறேழு பேர், ஒரு போலீஸ்காரர், குடை பிடித்த ஒரு ஆபீசர். மழைக்காலத்தில் குடியிருக்கும் வீட்டை இடிக்க மாட்டார்கள் என்று அப்பா நம்பியிருந்தார். குடியிருக்கும் வீட்டை இடிக்கவில்லை, புதுச் சுவரைத்தான் என்றார் ஆபீசர். அப்பாவின் மராட்டி போதவில்லை. கல்லியில் நன்றாக மராட்டி பேசத் தெரிந்தவர் பாய். அப்பாவே போய் அவரைக் கூட்டிவந்தார்.

பாய் ஆபீசரிடம் ரொம்ப நேரம் பேசினார். கல்யாணம் என்றார், ஏழைகள் என்றார். ஆபீசர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். பாய் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த தம்பியைப் பார்த்தார். தாளை மடித்து ஆபீசரிடமே கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்கு பாய்? யாரு எழுதுனது?" என்றார் அப்பா.

"பேரு போடல அண்ணாச்சி. யாரோ." அவ்வளவுதான் சொன்னார்.

கயிறுகளை அறுத்துத் தாட்பத்ரியை இழுத்துப் போட்டார்கள். இத்தனை நாள் மூடிக் கிடந்த மேல்சுவர் பகல் வெளிச்சத்தில் சிவப்பாக நின்றது. சித்தப்பா அதைப் பார்க்காமல் தெருக்கோடிக்குப் போய்விட்டார். இரண்டு பேர் மேலே ஏறி அடித்தார்கள். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, கீழே கட்டர் பக்கத்துச் சுவர் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்தது. மேலே நின்றவர்கள் பின்பக்கமாகக் குதித்தார்கள். தூசி அடங்கியபோது தொட்டில் கம்பு அந்தரத்தில் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. எல்லோரையும் முன்னாடியே வெளியே அனுப்பியிருந்தார்கள்.

அம்மா ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தாள். அவர் புரிந்துகொள்வார் என்று நினைத்திருப்பாள்.

"அடிச்ச அடியில கீழ்ச் சுவரையும் சேத்துல்லா கொன்னுட்டானுவ" என்றார் அப்பா. கல்லி முழுக்க அதையே சொன்னது. சம்மட்டி அடியில் விழுந்த சுவர் என்றுதான் நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நல்ல சுவர் நாலு அடியில் விழாது. அது ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே பாய்தான் என்று முடிவாகிவிட்டது. அன்றைக்குக் கத்தினாரே. காகிதத்தை வாங்கி வாசித்துவிட்டு மறைத்தாரே. அப்பா நேராகப் போய்க் கேட்டார். பாய், "நான் எழுதல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற மனுஷன் அன்றைக்குக் கத்தாததே எல்லோருக்கும் சாட்சியாகப் போய்விட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குழாயடியில் பாய் வீட்டுக் குடம் கடைசிக்குத் தள்ளப்பட்டது. அந்த வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கைத் திருப்பி அனுப்பினோம். பள்ளிக்கூடத்தில் அவர் மகள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் இடம் மாறி உட்கார்ந்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் பிடித்தது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல், பையை எடுத்துக்கொண்டு, முன் பெஞ்சுக்குப் போனேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு கனமழை. பட்டறைக்குக் கூரையாகப் போட்டிருந்த தாட்பத்ரியின் கயிறுகளை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். காலையில் பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்கச் சரிந்து கிடந்தது. கடைகளுக்குப் போக வேண்டிய பைகள் எல்லாம் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தன. ஒரு வாரம் வரை அந்த நாற்றம் போகவில்லை. அந்த மாதமே பாய் காலி செய்தார்.

டெம்போவில் சாமான் ஏற்றும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூடுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. அம்மா உள்ளே போய், இடித்த அன்று கயிறறுத்து இறக்கிய எங்கள் லாரித் தாட்பத்ரியை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கனத்தை ஒற்றை ஆளாகத் தரையில் தேய்த்துத் தேய்த்து இழுத்து வந்தாள். அப்பா, "ஏளா, என்ன செய்யுத?" என்றார்.

"மழ வருது" என்றாள்.

பாய் வாங்கிக்கொண்டார். பாயின் மனைவி மட்டும் டெம்போவில் ஏறி உட்கார்ந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டு, தூரத்தில் கல்யாண் என்கிற ஊரில் ஒரு அறை பிடித்தார். தினமும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். கூடப் பிறந்தவனை என்னால் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா கடைசி இரண்டு வருஷம் இங்கே என்னோடு இருந்தாள். ஒரு நாள் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏம்மா, பாயத் திட்டுனப்பவாவது சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா உங்கப்பா என்னைய ஊருக்கு வண்டி ஏத்தி விட்ருப்பாரு. கைப்பிள்ளையோட எங்க போவேன்? பாய்க்குக் கைல தொழில் இருந்துச்சி. எங்க போனாலும் பொழைச்சுக்கிடுவாருன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கிள்ளினாள். பிறகு, "பொழைச்சாரா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். நாற்பது வருஷத்தில் நான் விசாரிக்கவே இல்லை.

உங்கள் கட்டைவிரல்களைப் பார்த்த மறுநாள் கல்யாணுக்குப் போனேன். சித்தப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை. முழுக்கச் சொன்னேன். விரிசல், பஸ் டிக்கெட், லெட்டர் எல்லாம். அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தடவித் தடவித் தரையில் வைத்தார்.

"மதினிகிட்ட நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "அந்தப் பட்டறைக் கயிற அவுத்தது நான்தான்" என்றார்.

தாராவி மெயின் ரோட்டில் பைக்கடை வைத்திருக்கும் ஒருவர் மூலம் பாயின் மகளுடைய நம்பர் கிடைத்தது. பாய் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. நேற்று மத்தியானம் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டேன், அவள் குறுக்கே சொன்னாள்:

"எனக்குத் தெரியும் பிள்ள. வாப்பா அன்னைக்கே வீட்ல வந்து சொல்லிட்டாக. 'அது அந்தச் சின்னப் பிள்ள எழுத்து, தாய்க்காரி சொல்லி எழுதியிருக்கு. வெளிய தெரிஞ்சா அந்தம்மாவக் கொன்னுருவானுவ. யாரும் வாயத் தெறக்கப்படாது'ன்னாக. உம்மாவுக்கு அது பொறுக்கல. ஊருக்காகப் பாத்துப் பிள்ளையளத் தெருவுல விட்ட மனுசன்னு கடேசி வரைக்கும் ஏசுனாக."

"நீ?"

"எனக்கு அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் நின்னுச்சி. புது இடத்துல பைக்குப் பசை தடவ உக்காந்தேன்."

"எம்மேல கோவமா?"

"லெட்டருக்குக் கோவம் இல்ல. நீ முன் பெஞ்சுக்குப் போனேல்லா, அதுக்கு ரொம்ப நாள் இருந்துச்சி."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வந்தாள். உன்னை நம் குரூப்பில் சேர்க்கட்டுமா, எல்லோரும் இருக்கிறார்கள், நான் எல்லாவற்றையும் அதில் எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுது. வாப்பா பேருல இருக்கற பழிய அழிக்கணும்லா, நல்லா விவரமா எழுது. என்னைய அதுல சேக்க வேண்டாம்." பிறகு சொன்னாள்: "யாரு என்ன பதில் போட்டான்னும் எங்கிட்ட சொல்லாத."

எழுதிவிட்டேன்.